திருத்திய அறிக்கை

பரேல், ஜூலை, இரவு இரண்டரை.
தண்டவாளத்தில் தண்ணீர்.
அடுத்த ஷிப்ட்காரன் தானேயில் நிற்கிறான்.
அதனால்தான் அந்தத் தட்டைத் திறந்தது நான்.

பாவ் சுடும் வாசம்.
எந்த ஈஸ்டும் முதலில் சாதுவாகத்தான் மணக்கும்.
வண்ண அகாரில் பச்சை வந்தால் ஒன்று,
நீலம் வந்தால் இன்னொன்று.
இது வெள்ளையுமில்லை, ரோஸுமில்லை,
வெளுத்து வெளுத்துச் சாயம் போன
வார்டு போர்வையின் நிறம்.

ஐசியூ. ஒன்பதாம் கட்டில். தத்தாராம் பாலவ்.
ரத்தம், இரண்டு பாட்டில், இரண்டிலும் வளர்ச்சி.

அட்டை படிக்கும் கருவி
சர்க்கரைகளை ஒவ்வொன்றாக ஊட்டிப் பார்த்து
எதைத் தின்றது, எதைத் தொடவில்லை என்று கணக்குப் போட்டு
ஒரு பெயர் சொன்னது: ஹெமுலோனி.
தொண்ணூற்று மூன்று சதவீதம் நிச்சயமாம்.
அதற்குத் தெரிந்த பெயர்களில் அதுதான் கிட்டத்தில் இருந்தது.
புதுக் குடித்தனக்காரரை
பழையவர் பெயரிலேயே கூப்பிடுவான்
எங்கள் பில்டிங் வாட்ச்மேன்.

நாற்பத்திரண்டு டிகிரியில் வைத்தேன்.
ஹெமுலோனி என்றால் சுருண்டிருக்கும்.
இது சட்டையே செய்யவில்லை.

பிறகு, செல் சுவரை உடைத்து, கழுவி,
முப்பத்தைந்து சுற்று சுடவைத்து ஆறவைத்து,
ரைபோசோம் மரபணுக்களின் நடுவே ஓடும்
அந்தச் சந்தை மட்டும் நகலெடுத்தோம்.
பெரிய வீதியில் எல்லாரும் ஒன்றுபோல்தான் நடக்கிறார்கள்.
சந்துக்குள் திரும்பும்போதுதான்
ஆள் யாரென்று தெரியும்.

திரையில் மலைமலையாக வந்தது.
பச்சை ஏ, சிவப்பு டி, கறுப்பு ஜி, நீலத்தில் சி.
முதல் முப்பது எழுத்து கலங்கல்.
கலங்கிய இடத்திலெல்லாம் கருவி
என் என்று போடுகிறது.
தெரியவில்லை என்பதற்கு அதனிடம் ஓர் எழுத்து இருக்கிறது.
எங்கள் படிவத்தில் இல்லை.

மீதி நானூறு எழுத்தும் ஒரே பெயரைச் சொன்னது.
ஆரிஸ்.
லத்தீனில் காது. முதலில் ஒருவர் காதுக்குள் கண்டெடுத்ததால்.
சுவருக்கும் காது உண்டு என்று கேட்டு வளர்ந்தவள் நான்.
இங்கே கட்டில் கம்பிக்கு உண்டு,
பிபி பார்க்கும் பட்டைக்கு உண்டு,
திரைச்சீலை மடிப்புக்கு, ட்ரிப் ஸ்டாண்டின் சக்கரத்துக்கு.

டாக்டர் மெர்ச்சன்ட் ஒரு கேள்வியும் கேட்காமல்
ஃப்ளூகோனசோலை நிறுத்தி வேறு மருந்தை ஏற்றினார்.
நிர்வாகி போன்சே இந்தியில் என்னவோ சொன்னார்.
தமிழில் சொன்னால்:
காதும் காதும் வைத்தாற்போல் இருக்கட்டும்.
சிரித்துவிட்டேன்.
அவரிடம் விளக்க முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் பாலவ் பேஜ் கேட்டாராம்,
அவர்கள் ஊர்க் கஞ்சி. உப்பு தூக்கலாக.

இதோடு முடித்திருக்கலாம்.

மைனஸ் எண்பது பெட்டியின் மூன்றாம் தட்டு.
உறைபனியை விரலால் தேய்த்தால் எழுத்து தெரியும்.
மார்ச் பதினேழு. நான்காம் கட்டில்.
நஃபீசா துங்கேகர், முப்பத்தாறு வயது.
லேபிளில் ஹெமுலோனி.
கையெழுத்து என்னுடையது.
அன்று நாற்பத்திரண்டில் வைத்துப் பார்க்கவில்லை.
யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

உருகவைத்து, வளர்த்து, அதே சந்துக்குள் போனேன்.
ஓரெழுத்துகூட மாறவில்லை.

பதினோராம் நாளே அந்தக் கட்டில் காலி.
சிறுநீரகம் முன்பே போயிருந்தது, அதையும் சொல்லவேண்டும்.
மருந்து மட்டும் மாறியிருந்தால்
என்று தொடங்கும் வாக்கியத்தை
ஸ்டேஷன் படியில் ஏறும்போது தொடங்குகிறேன்,
படி முடிவதற்குள் விட்டுவிடுகிறேன்.

திருத்திய அறிக்கை.
பழைய பெயர். புதிய பெயர். மாற்றத்தின் காரணம்.
யாருக்கு அனுப்ப வேண்டும்?
சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்,
நிரப்பாமல் மூடாது.

ஒரே ஓர் எழுத்துத் தட்டினேன்.
என்.
படிவம் ஏற்றுக்கொண்டது.

நான்காம் கட்டிலில் இப்போது வேறொருவர்.
கம்பியைத் துடைத்தெடுத்த பஞ்சு
வெப்பப்பெட்டியில் இருக்கிறது.
நாளைக் காலை பார்க்கவேண்டும்,
ரயில் ஓடினால்.