ஆயிரத்து ஐந்நூற்று நான்கு

ராத்திரி பதினொன்றே கால்.
சோகார் துறைமுகத்துக்குப் பின்னால், முகாமில்,
வெளியே புழுக்கம் சட்டையைப் பிழிகிறது.
சர்வர் அறைக்குள் பதினெட்டு டிகிரி;
ஆகஸ்டில் ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன்.

புகார்ச் சீட்டில் பிச்சைக்கனி எழுதியது:
‘மெசேஜ் போவுது, போட்டோ போமாட்டேங்கு.
நெட்டு இருக்கு, ஆனா இல்ல.’
இதைவிடத் துல்லியமாக
எந்த என்ஜினீயரும் எனக்கு எழுதியதில்லை.

லேப்டாப்போடு சி பிளாக் போய்
பிங் அனுப்பினேன். போனது, வந்தது.
ஐம்பத்தாறு பைட்டுக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கிறது.
‘உடைக்காதே’ என்று சொல்லி
அளவைக் கூட்டிக்கொண்டே போனேன்.
ஆயிரம். ஆயிரத்து நானூறு.
ஆயிரத்து நானூற்று அறுபத்தெட்டு வந்தது.
அறுபத்தொன்பது வரவில்லை.
மறுப்பும் வரவில்லை.
விசா அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால்
இதே மௌனத்தைப் பார்த்திருக்கிறேன்,
டோக்கன் எண்ணோடு.

ஒரே கம்பி.
அலுவலகம் அதில் சீட்டில்லாமல் போகும்,
யாரென்று கேட்பாரில்லை.
முகாமுக்கு மட்டும் முப்பது என்று
நெற்றியில் ஒட்டி அனுப்பவேண்டும்.
ஒட்டியது நான்தான், மார்ச்சில்.
ஐஃப்கான்ஃபிக், வீலேன், முப்பது;
டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை.

நெற்றிச்சீட்டின் கனம் நான்கு பைட்.
ஆயிரத்து ஐந்நூறு சுமந்து வரலாம் என்று
ஆட்களிடம் சொல்லியாயிற்று.
வாசலும் ஆயிரத்து ஐந்நூறுதான்.
உள்ளே விடுவதற்காக ஒட்டிய சீட்டு
வாசலில் இடிக்கிறது.

பிழை என்ற பத்தியில்
ஒரு எண் ஏறிக்கொண்டிருந்தது, ஏழு லட்சத்துச் சொச்சம்.
நான் அந்தப் பத்தியைப் பார்ப்பதில்லை.

கேமராக்களுக்கும் இந்தக் கோளாறு வந்தது.
அன்றைக்கே ஹமூத் மஸ்கட்டிலிருந்து
புது நெட்வொர்க் அட்டை வரவழைத்தார்.
படம் வந்தது. ஏனென்று யாரும் கேட்கவில்லை.
கழற்றிய பழையதை இந்தப் பக்கம் மாட்டினேன்,
நல்ல அட்டைதான் என்று சொல்லிக்கொண்டே.

நல்ல அட்டைதான்.
கேட்டால் தருகிறது.
எம்டியூ, ஆயிரத்து ஐந்நூற்று நான்கு,
என்டர்.

சி பிளாக் படியில் பிச்சைக்கனி
கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.
நான்கு நாளாக அனுப்பும் படத்தைக் காட்டினார்:
டார்ச் அடித்து எடுத்த கடைவாய்ப் பல்,
சுற்றிலும் பழுத்த ஈறு.
கயத்தாறில் மருந்துக்கடை வைத்திருக்கும்
மச்சினனுக்கு.
‘வலிக்கு’ என்ற சொல்
ஞாயிற்றுக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டது.
வலிக்கிற இடம்தான் போகவில்லை.

வட்டம் சுற்றியது. பாதி. முக்கால்.
எப்போதும் நிற்கிற இடத்தில் இருவரும் மூச்சு விடவில்லை.
ஒரு டிக். இன்னொன்று.
‘அங்க மணி ரெண்டு இருக்கும், ஒறங்கிருப்பான்’ என்றார்,
உப்புத் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு.

கரண்ட் போய் வந்தால்
மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிடும்.
திரும்ப வந்து கோப்பைத் திறந்து
அந்த நான்கை எழுதிவைத்தேன்.
எனக்குப் பின் வருகிறவர்
இது எதற்கு உபரியாக என்று நினைக்கக்கூடும்.
ஹேஷ் போட்டு மேலே ஒரு வரி:
‘குறைக்காதே. பல்.’