கசியும் கோப்பை

எத்தனை முகம் செதுக்கினாலும்
வயிறு ஒன்றுதான் கோப்பைக்கு.
இன்னும் சொன்னால்
செதுக்கல் கூடக்கூட மரம் தடிக்கிறது,
கள் குறைகிறது.
ஊற்றுகிறவன் நான், எனக்குத் தெரியும்.

சங்குரு ஆற்றுக்கு இந்தப் பக்கம்
கூபா ஆணுக்கு முகம் இரண்டு:
பிறந்தபோது வந்தது,
ஆடு கொடுத்து வாங்கியது.

பியேம் போன மழைக்கு முன்பே
லாகோஷிடம் சொல்லிவைத்தான்:
நெற்றியோரம் கோணமாய் மழித்த தலை,
காதருகே சுருண்ட கடாக்கொம்பு,
கழுத்து முழுக்கப் பின்னல் கோலம்.
கூலி இரண்டு ஆடு, முந்நூறு சோழி.
இறகு செருகும் பட்டத்துக்கு
அவன் பெயரும் அடிபடுகிற நேரம்.
இகோக்காவிடமோ
இரட்டைத் தலைக் கோப்பையே இருக்கிறது.

புலாபே, பியேமின் மனைவி,
செம்மரத் தூளும் எண்ணெயும் குழைத்து
ஒன்பது இரவு தேய்த்தாள்.
"என் முதுகை இப்படி யாராவது..."
பாதியில் நிறுத்திச் சிரித்தாள்.

சந்தை கலைந்த மாலை.
பாய்களில் பட்டக்காரர்கள்.
பியேம் கோப்பையைத் தூக்கினான்.
அவன் முகம் மறைந்து
மர முகம் எங்களைப் பார்த்தது,
அவனைவிட நிதானமாய்.

அப்புறம்தான் கண்டேன்.
மரத்தின் இடது கண்ணோரம்
மயிரிழை வெடிப்பு.
ஒரு சொட்டு. அது கன்னத்தில் இறங்குமுன்
இன்னொரு சொட்டு.

பச்சை மரம். லாகோஷ் அவசரப்பட்டிருக்கிறான்.
அல்லது இரண்டாம் ஆடு
இன்னும் போய்ச் சேரவில்லை.

கீழே வைத்தால் மானம் ஒழுகும்.
பியேம் வைக்கவில்லை.
ஊற்ற ஊற்ற ஒரே மடக்கு.
நான் குடுவையைச் சாய்க்கிறேன்,
அவன் தலையைச் சாய்க்கிறான்.
மூக்குமுட்டக் குடித்தும் முதுகு வளையவில்லை.
இகோக்கா ஈடுகொடுத்துப் பார்த்து
ஐந்தாம் சுற்றில் பாயோடு பாயானான்,
இரண்டு தலைகளும் அவன் மடியில்
விழித்தபடி.

"கோப்பையே அழுகிறது பாருங்கள்,
இவன் தாகம் அப்படி!" என்றார் ஒருவர்.
யாரும் சிரிக்கவில்லை.
தலையாட்டினார்கள்.

விடிந்தபோது லாகோஷ் வீட்டுக் கொல்லையில்
ஓர் ஆடு கட்டியிருந்தது.
அது இரண்டாவதா, முதலாவதேதானா
நான் கேட்கவில்லை.
அதே வாரம் மூன்று பேர் அவனிடம் போனார்கள்:
அழுகிற கோப்பை வேண்டும்.
ஒருவன் இரண்டு கண்ணிலும் கேட்டானாம்.

எனக்கென்ன, இன்னும் நான்கு மரம்
கூடுதலாகச் சீவ வேண்டும்.
கத்தி தீட்டியாயிற்று.
உச்சியில் தாகமெடுத்தால்
உள்ளங்கையைக் குவித்துக்கொள்வேன்,
மிதக்கும் தேனீயை
ஊதி ஒதுக்கிவிட்டு.