செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி

செவ்வாய்க்கிழமைதோறும் லிம்பெருக்கு வயிறு வலிக்கும்.
முதல் பாடவேளை கணக்கு.
கரும்பலகை முன்னால் நின்று
பின்னங்களைக் கூட்டிக் காட்ட வேண்டும்,
முப்பத்தெட்டுப் பேர் பார்க்க.

சீமைச் சாமந்திப் பூவைக் காய்ச்சிக் கொடுத்தேன்.
அதட்டினேன்.
"எதிர்வீட்டு யெசேனியா..." என்று ஒருமுறை ஆரம்பித்து
அவன் முகம் போன போக்கைப் பார்த்துப்
பாதியில் விழுங்கினேன்.
"உன்னால் முடியும்" என்று
வங்கிச் சுவரொட்டி மாதிரி
தினமும் சொல்லிப் பார்த்தேன்.
மரியாதையாகத் தலையாட்டினான்.

எல் ஆல்டோவிலிருந்து கீழே லா பாஸுக்கு
ரோப் காரில்தான் போவோம்.
அவனுக்குப் பள்ளி, எனக்குத் தையல் பட்டறை.
ஆகஸ்ட் காற்று அன்றைக்கு
எங்கள் பெட்டியை அந்தரத்தில் நிறுத்தியது.

கீழே பூசாத செங்கல் வீடுகள்,
மொட்டைமாடியில் யாரோ உலர்த்திய போர்வை,
குரைப்பது தெரிந்தும்
சத்தம் எட்டாத ஒரு நாய்.
இதெல்லாம் அவன் சொல்லித்தான் தெரியும்.
நான் கண்ணை மூடியிருந்தேன்.
நாலு வருடமாக அப்படித்தான்.
தூங்குகிறேன் என்று நினைத்திருந்தானாம்.

"பயமா அம்மா?"
பொய் சொல்ல வாயெடுத்தேன்.
பெட்டி ஆடியது.
"ஆமா. தினமும்."
"அப்புறம் ஏன் ஏறுறே?"
"பஸ்ஸில் போனா ஒண்ணேகால் மணி நேரம்."
வேறு பதில் என்னிடம் இல்லை.

மூக்கைத் துடைத்த கையாலேயே
என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டான்.
"கிளம்பும்போது ஒரு தடவை குலுங்கும்.
அப்போ சொல்றேன்."
சொன்னான். குலுங்கியது.

நிலையத்தில் இறங்கிக் குனிந்து
காலணி நாடாவை முடிந்துகொண்டே,
என்னிடம் இல்லை, நாடாவிடம் சொன்னான்:
"சாக்கட்டியைத் தொடும்போது எனக்கும் குலுங்கும்."
"அதுக்கப்புறம்?"
"தெரியாது. அதுக்கப்புறம் நான் போனதில்லை."

பள்ளி வாசலில் நான் வாயைத் திறக்கவில்லை.
பட்டுத்துணியில் பொத்தான் துளை தைப்பது
அதைவிடச் சுலபம்.

சாயங்காலம் அவனே ஆரம்பித்தான்.
மேலேயும் கூட்டினானாம், கீழேயும் கூட்டினானாம்.
தப்பு. ஆசிரியை திருத்தினார்.
"சிரிச்சாங்களா?"
"ரெண்டு பேர். எண்ணினேன்."
சூப்பில் கிடந்த உருளைக்கிழங்கைக்
கரண்டியால் இரண்டாக வெட்டினான்.
"முப்பத்தெட்டில் ரெண்டு.
சுருக்கினா, பத்தொன்பதில் ஒண்ணு."

அடுத்த செவ்வாயும் வயிறு வலித்தது.
காலணி மாட்டிக்கொண்டே சொன்னான்.