இடப்பக்க ஸ்பீக்கர்

சீட்டு விழுந்தது, ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில்
சோலைமலை கோடு போட்டார்.
ஸ்பீக்கருக்கு இவ்வளவு
ஆம்ப்ளிஃபயருக்கு இவ்வளவு
வயருக்கு என்று தனியாக ஒரு தொகை.
வயருக்கா என்றேன்.
வயருக்குத்தான் என்றார்.

பேங்கில் நகை உரைத்துப் பார்க்கிற மனுஷர்.
குன்றிமணி அளவு செம்பு கூடினாலும்
கோட்டின் நிறத்தில் பிடித்துவிடுவார்.
ஒலிக்கும் ஓர் உரைகல் இருக்கும் என்று
எப்போதிருந்து நம்பினாரோ.

காரைக்குடி, செக்காலை ரோடு,
மாடியில் ஏசி போட்ட சின்ன அறை.
சிராஜுதீன் முதலில் பதினெட்டாயிரத்தைப் பாடவிட்டார்.
பிறகு முப்பத்தெட்டரையை.
பிறகு, எங்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டுத்
தொண்ணூற்றைந்தரையை.
மூன்றிலும் ஒரே கல்யாணி.
முதலாவதில் நாயனம் கேட்டது.
இரண்டாவதில் வாசிப்பவர் மூச்சு வாங்குவது கேட்டது.
மூன்றாவதில் எச்சில் விழுங்குறதும் கேக்கும் பாருங்க
என்றார் சிராஜுதீன்.
எச்சிலுக்கு ஐம்பத்தேழாயிரம்.
நான் வாய் திறக்கவில்லை.

எனக்கு வலக்காது மட்டும்தான்.
ஏழு வயதில் வந்த பொன்னுக்குவீங்கி
போகும்போது இடதை எடுத்துக்கொண்டு போனது.
கடை நாற்காலியில்
சத்தம் கேட்ட கோழி மாதிரி
தலையைத் திருப்பித் திருப்பி உட்கார்ந்திருந்தேன்.
தண்ணீர் குடிக்க எழுந்தபோது
நல்ல காது அவர்கள் பக்கம் இருந்தது.

அந்தத் தொண்ணூற்றைந்தரையில
ஒண்ணு மட்டும் கொடுப்பீங்களா?
பாதி விலைக்கு?
சோலைமலையின் குரல், ரகசியமாக.

ஜோடி சார் இது.
ஒத்தைத் தோடு யாராச்சும் வாங்குவாங்களா?

அடகுக்கு வரும், நாங்க எடுத்துக்குவோம்
என்றார் இவர்.

தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து
நடு விலையில் ரெண்டும் கொடுங்க என்றேன்.
குரல் கொஞ்சம் உரக்கப் போய்விட்டது.
அது எனக்கு எப்போதும் தெரிவதில்லை.

பள்ளத்தூரில் நாங்கள் குடியிருப்பது
பதினோரு பங்காளிகளுக்குச் சொந்தமான வீட்டின்
இரண்டாம் கட்டு.
வாடகை ஒருவருக்கு.
ஆணி அடிக்கப் பதினோரு பேரிடம் கேட்க வேண்டும்.
மாட்டிக் கொடுக்க வந்த சிராஜுதீன்
நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினார்.
முட்டை வெள்ளைக்கரு பூசி இழைத்த சுவர்
மூன்று முறை தட்டித் திருப்பிக் கொடுத்தது.
இந்த ஹாலுக்கு லட்சம் கொட்டினாலும்
ஊருணியில கல்லுதான் சார்.
அந்தச் சுவரோரம் மெத்தை ஒண்ணு நிறுத்துங்க.

இலவம்பஞ்சு மெத்தை, இரண்டாயிரத்து நானூறு.
நிறுத்தியதும் வீடு வாயை மூடிக்கொண்டது.
சோலைமலைக்கு முகமெல்லாம் மாற்றுக் குறையாத சிரிப்பு.
நாயனம் துல்லியமாக இருந்தது எனக்கும்.
தவிலைத்தான் காணவில்லை.
அது இடப்பக்கத்துக்காரர்.
மெத்தைக்குள் எங்கோ
போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசித்தார்.
சொன்னால் பாவம், சொல்லவில்லை.

அவர் தேவகோட்டைக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை
மெத்தையை முற்றத்து வெயிலில் இழுத்துப் போட்டேன்.
பாட்டை நிறுத்த மறந்திருந்தேன்.
இமைக்கிற நேரம் பிந்தி
சுவரில் மோதி, தேக்குத் தூணைச் சுற்றி,
வாசல் பூட்டியிருக்கக் கொல்லை வழியாக
உள்ளே வரும் உறவுக்காரர் போல
வலக்காதுக்கு வந்து சேர்ந்தது தவில்.
ஈரத் துண்டோடு அப்படியே நின்றேன்.
மெத்தை வெயிலில் சூடானது,
திருப்பிப் போடவில்லை.

திரும்பி வந்தவர் வாசலிலேயே முகம் சுளித்தார்.
கலப்படமா கேக்குதே.

சொன்னேன்.

கொஞ்ச நேரம் என் பக்கம் பார்க்காமல்
வயரை நீவிக்கொண்டிருந்தார்.
கலப்படம் எத்தனை சதவீதம் இருக்கும் என்றார்.
எட்டு என்றேன், வாய்க்கு வந்தபடி.
எட்டுன்னா பரவாயில்லை,
ஆபரணத் தங்கம்தான்.

மெத்தையில் இப்போது படுக்கிறோம்.
மீதி எழுபத்தோராயிரத்து நூறு
இன்னும் பேச்சில் இருக்கிறது.
புது ஆம்ப்ளிஃபயர் ஒன்று வந்திருக்கிறதாம்.
ராத்திரியில் அதைப் பற்றி ஆரம்பிப்பார்.
நான் புரண்டு
வலக்காதைத் தலையணையில் வைத்துக்கொள்வேன்.