முப்பத்தெட்டு நானூறு

நேற்று மாலை ஐந்தே முக்காலுக்கு
'ஆம்' என்று தட்டியவள் நான்தான்.
இருநூற்றுப் பன்னிரண்டு பொட்டலங்கள் புதுப்பிக்கணும் என்றது.
ராத்திரி முழுக்கச் சும்மாதானே கிடக்கிறாய், செய்துகொள்
என்று சொல்லிவிட்டு
பென்னாகரம் பஸ்ஸைப் பிடித்தேன்.

பாதி தாண்டியதும் கரண்ட் போயிருக்கிறது.
யூபிஎஸ் பேட்டரி செத்து எட்டு மாதம்.
புதிது கேட்டு எழுதிய கடிதங்கள் மட்டும்
ஃபைலில் பத்திரமாக இருக்கின்றன.

காலை ஆறரை. தர்மபுரி, பட்டுக்கூடு மண்டி.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து:
கர்னல் பேனிக்.
வேர் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லையாம்.
வீட்டுக்குள் நின்றுகொண்டே
வீடு எங்கே என்று கேட்கிற ஆளிடம்
என்ன சொல்வது.

வெளியே தட்டுத் தட்டாகக் கூடு கொட்டுகிறார்கள்.
ஏலம் எட்டரைக்கு.
கூட்டுக்குள் ஓடும் கடிகாரம் வேறு:
இரண்டு நாள் விட்டால் பூச்சி ஓட்டை போடும்,
ஓட்டைக் கூட்டை எவனும் தொடமாட்டான்.

"ஃபார்மேட் பண்ணிடலாமா மேடம்?"
வாட்ச்மேன் தீர்த்தகிரி.
மருமகன் செல்போன் கடை வைத்திருக்கிறார்.
"வாயக் கழுவுங்க" என்றேன்.

மறுபடி இயக்கி ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க
பட்டியல் வந்தது.
மேலே புதிய கர்னல்.
கீழே, நீக்கச் சோம்பல்பட்டு
நான் விட்டுவைத்த பழையது.
அதைத் தேர்ந்தெடுத்தேன்.
எழுந்தது.
வட்டைச் சரிபார்க்கட்டுமா என்றது.
பார் என்றேன்.
பெயரிழந்த பதினோரு துண்டுகளைப் பொறுக்கி
'தொலைந்து கிடைத்தவை' கோப்புறையில் போட்டது.
ஒவ்வொன்றுக்கும் வெறும் எண்தான் பெயர்.

நிலவரம் கேட்டேன்.
பாதி நிறுவியது.
பிரித்தாயிற்று, பொருத்தவில்லை.
பிரித்தாயிற்று, பொருத்தவில்லை.
பாதி பொருத்தியது.
திரை நிரம்பியும் நிற்கவில்லை.
கூட்டை நேரம் கெட்டு அறுத்துப் பார்த்திருக்கிறேன்,
சின்ன வயதில், வெட்கம்கெட்ட ஆர்வத்தில்.
உள்ளே புழு இல்லை, பூச்சியும் இல்லை,
கஞ்சி.

விட்ட இடத்திலிருந்து எல்லாவற்றையும் பொருத்து:
கட்டளை என்னவோ ஒரே வரிதான்.
அதற்குள் விரல் இரண்டு முறை வழுக்கியது.
இன்னொரு தரம் கரண்ட் போனால்?
தீர்த்தகிரி ஒன்றும் சொல்லாமல்
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்
மெயின் ஸ்விட்ச் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்.
மின்சாரம் என்ன, கேட் வழியாகவா போகும்?
ஆனாலும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

வரிவரியாகப் பொருந்தின.
துவக்கப் படிமத்தை மறுபடி கட்டினேன்.
எட்டு இருபதுக்குக் கடவுச்சொல் கேட்டது.
ஏல மென்பொருள் திறந்தது,
தராசோடு பேசியது,
நேற்றின் கடைசி வரியைத் தவிர எல்லாம் இருந்தது.

நல்லம்பள்ளி பச்சியப்பன்.
விலை முடிந்து, தூக்காமல் கிடந்த குவியல்.
ரிப்பன் தீர்ந்திருந்ததால் சீட்டு தரவில்லை,
அதுவும் நான்தான்.
"முப்பத்தெட்டு நானூறு மேடம்" என்கிறார்.
இப்போது வைத்தால் முப்பத்தேழு அறுநூற்றைம்பது.
கூடு மூச்சுவிடும், ராத்திரியில் எடை இறங்கும்,
இங்கே அது எல்லாருக்கும் தெரியும்.
வாங்கிய ரீலர் அஸ்கர் பாஷாவுக்கும் தெரியும்.
"கண்ணு முன்னால என்ன எடையோ
அதைப் போடுங்க" என்கிறார்.
அவர் சொல்வதிலும் தப்பில்லை, அதுதான் தொல்லை.

பதினோரு துண்டுகளையும் திறந்தேன்.
ஒன்றில் பழைய விடுமுறைப் பட்டியல்,
நான்கில் பூஜ்ஜியங்கள்,
எட்டாவதில், குப்பைக்கு நடுவே,
பச்சியப்ப
என்று முக்கால் பெயர்.
பக்கத்தில் 38
ஒரு புள்ளி,
அப்புறம் ஒன்றுமில்லை.

திரையை அஸ்கர் பாஷா பக்கம் திருப்பினேன்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.
"முப்பத்தெட்டுதான்" என்றார்.
கிராமைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

புள்ளிவரை இயந்திரம் சொன்னது.
புள்ளிக்கு அப்புறம்
பச்சியப்பன் சொன்னதைத் தட்டினேன்.
400. சேமி.
சேமித்ததா என்று இரண்டு முறை பார்த்தேன்.

வெளியே மணி அடித்தார்கள்.
தீர்த்தகிரி இன்னும்
ஸ்விட்ச் பெட்டியை விட்டு எழவில்லை.