அசையாச் சொத்து

பன்னிரண்டு நாளுக்கொரு முறை
செயற்கைக்கோள் இந்தச் சரிவைக் கடக்கிறது.
அதற்குக் கண் இல்லை. அலையை எறிந்து
திரும்பி வருவதை எண்ணிக்கொள்ளும்.
இரவு, மேகம், மூடுபனி எதுவும் ஒரு பொருட்டில்லை,
வடக்குப் பக்கத்து மடிப்பைத் தவிர.
அங்கே அலை விழாது.
என் திரையில் அந்த இடம் சாம்பல் நிறம்:
தரவு இல்லை.

தரவு இல்லாத இடத்தில்தான்
வ்ரேனி ஷ்டூஸி குடியிருக்கிறாள்.

கிளாருஸ் மலைகளுக்குள் ஹின்டர்ரீட்,
மொத்தம் பதினொரு கூரை.
சுற்றியிருந்த புள்ளிகள்
ஆண்டுக்கு இருபத்தாறு மில்லிமீட்டர் இறங்குகின்றன,
நகம் வளரும் வேகத்துக்குக் கொஞ்சம் குறைவு.
அவற்றை வைத்து மென்பொருள் நடுவிலிருப்பதை ஊகித்தது.
நீலம் என்றது.
நீலமென்றால் இருக்கலாம், சுவரைப் பலப்படுத்தினால் போதும்.
சிவப்பென்றால்
இனி ஒரு கல்லும் புதிதாக வைக்கக்கூடாது.
இரண்டுக்கும் இடையில் நான் போட்ட கோடு
அவள் வீட்டுக்குப் பின்னால்
ஒரு பேரிக்காய் மரத்தை உரசிக்கொண்டு போனது.

சட்டம் இதை அசையாச் சொத்து என்கிறது.
எங்கள் வீட்டில் காணிப் பத்திரத்துக்கு
உறுதி என்று பெயர்.
அம்மாவின் அலமாரியில் ஒன்று இருக்கிறது.
அந்தக் காணி அசையவில்லை,
நாங்கள்தான் அசைந்தோம்.

ஏப்ரலில் சரிபார்க்கப் போனேன்.
சப்பாத்தெல்லாம் சேறு.
"உங்கள் கோடு சரிதானா, ஃப்ராவ் குகனேசன்?"
"சரியென்றுதான் நினைக்கிறேன்."
"நினைக்கிறீர்கள்."

சீஸ் வைக்கும் நிலவறைக்குக் கூட்டிப்போனாள்.
கதவு பாதியில் சிக்கியது.
மூன்று வசந்தமாக அதை இழைத்து இழைத்து
இப்போது இழைக்க மரமில்லை என்றாள்.
பின்சுவரில் ஒரு வெடிப்பு,
அதன் குறுக்கே பென்சில் கோடுகள்,
ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி.
மேலே 2007. கீழே, போன செவ்வாய்க்கிழமை.
நேராகப் போட்ட கோடுகள்தான்.
பழையவற்றில் இடது பாதியும் வலது பாதியும்
ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன.

போன ஏப்ரலின் கோட்டில் அளவுகோல் வைத்தேன்.
முப்பத்தொன்று.
வீட்டின் இரு பாதிகளும்
வேறு வேறு வேகத்தில் போய்க்கொண்டிருந்தன.

"இதைப் பதிந்தால் கோடு கீழே வரும்."
"எதுவரைக்கும்?"
கையை நீட்டினேன்:
சமையலறை, முன்வாசல்,
அதற்குக் கீழே பள்ளிக்கூட பஸ் நிற்கும் வளைவு.
"சிவப்பா?"
"சிவப்பு."
அளவுகோலை என் கையிலிருந்து வாங்கினாள்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
திரும்ப அளந்தாள்.
"முப்பத்திரண்டு. சரியாக எழுதுங்கள்."

மலைபோல நம்பினேன் என்று சொல்லும் மொழி என்னுடையது.
திரும்பும் ரயிலில்
அதை ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன்.
வரவில்லை. பரவாயில்லை.

புள்ளி 212. வேகம் 32.
ஆதாரம் என்ற கட்டத்தைத் திறந்தால்
ரேடார், லேசர், ஜிபிஎஸ், துளை, பிற.
'பிற'வை அழுத்தினேன்.
சாம்பல் போய்ச் சிவப்பு வந்தது.
பேரிக்காய் மரத்தைத் தாண்டி
கூரையைத் தாண்டி
வளைவில் போய் நின்றது.
மே மாதம் பஸ் நிறுத்தத்தைக் கிழக்கே தள்ளினார்கள்.
அவள் வீட்டை யாரும் எங்கேயும் தள்ளவில்லை.

குறிப்பு எழுத ஒரு வரிதான் இடம்.
எழுதினேன்:
பென்சில். பதினேழு வருடம்.
இடையில் ஒரு வருடமும் விடுபடவில்லை.