அறுபது மீட்டர்

பதினான்கு வருடப் படங்கள்
நிலையத்துச் சுவரில் வரிசையாக.
எதிலும் எந்தெல் இல்லை.
படியில் நிற்கும் எங்கள் காலடியில்
பனிமேல் நீண்டு விழுந்த
தொப்பி வைத்த நிழல் ஒன்று மட்டும்,
அதுவும் வெயில் அடித்த ஆண்டுகளில்.

ஹீயூமா தீவின் வடகோடி இது.
சம்பளமில்லாத தீயணைப்புப் படை நாங்கள்:
ரொட்டி சுடும் மாயே,
படகு ஓட்டும் ஆர்கோ,
கணக்கு வாத்தியார் ராய்வோ,
தபால் வண்டிக்காரி நான், கய்சா,
இன்னும் ஏழு பேர்.
பம்பை இயக்குகிறவன் எந்தெல்.
படம் எடுக்கிறவனும் அவனே.
"டைமரை வைத்துவிட்டு ஓடி வாயேன்" என்போம்.
"பத்து நொடியிலா? இந்த முழங்காலோடா?"
பரிமாறுகிறவனுக்கு இலை போட
யாருக்கும் தோன்றாத பந்தி மாதிரி
வருடங்கள் எழுந்து போயின.

இந்தப் பிப்ரவரியில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு
அதை வாங்கினோம்.
பொன்வண்டு அளவு. கறுப்பு. ஒரே பொத்தான்.
கம்பி கிடையாது.
அறுபது மீட்டர்வரை பேசும் என்றது பெட்டி.
எந்தெல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.
"இவ்வளவுதானா" என்றான்.
புகழ்ச்சியா குறையா, தெரியவில்லை.

முக்காலியை நட்டான்.
எங்களை வழக்கம்போல் நிறுத்தினான்:
உயரம் பின்னால், மாயே நடுவில்,
முரி நாய் எங்கே நிற்குமோ அங்கே.
பிறகு படியருகே வந்து
தானே நின்றுவிட்டான்,
கல்யாண வீட்டில் முகவரி மாறி
நுழைந்தவன் போல.
பதினான்கு வருடம் எங்களுக்கு இடம் சொன்னவனுக்குத்
தன் இடம் தெரியவில்லை.
ஆர்கோ தோளைப் பிடித்து இழுத்துச் செருகினான்.

அமுக்கினான்.
ஒன்றுமில்லை.
மைனஸ் பதினெட்டில் விறைத்திருந்தது பேட்டரி.
மாயே அதைக் கழற்றி வாங்கி
அக்குளில் வைத்துக்கொண்டாள்,
மாவு பொங்கக் காத்திருக்கும் முகத்தோடு.
யாரும் சிரிக்கக் கூடாது என்றாள்.
அதற்குமேல் எப்படிச் சிரிக்காமல் இருப்பது.

திரும்பப் பொருத்தி,
எந்தெல் கட்டைவிரலைத் தூக்கியபோது
சைரன்.

ரேத் வீட்டு சவுனா. புகைபோக்கி வழியே தீ.
எல்லோரும் ஓடினோம்.
பொன்வண்டு அவன் கால்சட்டைப் பையில்.
முக்காலி அங்கேயே.

சவுனா போயிற்று.
பக்கத்துக் கொட்டகையும் வீடும் நின்றன.
மூன்று மணி நேரம் கழித்து
புருவத்தில் பனிக்கட்டி தொங்க வந்து
கேமராவைத் திருப்பிப் பார்த்தால்,
முப்பத்தொரு படங்கள்.

பை அமுங்கிய போதெல்லாம் எடுத்திருக்கிறது:
அவன் குனிந்து பூட்ஸ் மாட்டியபோது,
வண்டியில் ஏறியபோது,
வாசல் கேட்டில் வண்டி குலுங்கியபோது.
எங்கள் முதுகுகள்.
ராய்வோ விட்டுப்போன கையுறை.
ஆளில்லாத படிகள்.
படிகள்.
படிகளில் முரி, எதற்கோ காதை நிமிர்த்தி.
இருபத்துமூன்றாவதோடு நின்றுவிடுகிறது.
இருபத்துநான்காவதில் இருட்டிவிட்டது;
கேட்டுக்குள் திரும்பும் முகப்பு விளக்கு
படிகளை மஞ்சளாகத் தொடுகிறது.
அவன் போனதும் வந்ததும்
கேமராவுக்குத் தெரிந்திருக்கிறது.
நடுவில் நடந்ததுதான் தெரியாது.

சுவருக்கு மூன்றாவது படத்தைத் தேர்ந்தோம்.
ஓடும் பத்து முதுகுகளுக்குப் பின்னால்
அவன் ஒருவன் மட்டும்
முகத்தைத் திருப்பி, வாய் திறந்து.
என்ன சொன்னாய் என்று கேட்டோம்.
"விழுந்துவிடாதே என்று
முக்காலியிடம் சொன்னேன்."

மறுநாள் காலை தபால் போட வந்தவளைப் பிடித்து
கேமரா பக்கத்தில் நிறுத்திவிட்டு
பின்னாலேயே நடந்தான் எந்தெல்,
ஒவ்வொரு அடிக்கும் ஒரு அமுக்கல்.
சொடுக்குக் கேட்டால் நான் கை தூக்க வேண்டும்.
தூக்கினேன். தூக்கினேன்.
பால்கேன் வைக்கும் மேடை தாண்டியதும்
சத்தம் இல்லை.
கையைத் தொங்கவிட்டேன்.
அவன் இன்னும் அமுக்கிக்கொண்டுதான் நின்றான்,
இவ்வளவு தூரத்திலிருந்து
கடுகளவு மனிதன்.

பிறகு நாடாவை இழுத்து அளந்தான்.
"எழுபத்தொன்று!" என்று கத்தினான்.
"பெட்டியில் அறுபது என்றுதானே போட்டிருந்தது!"